பின்னால் கட்டிய கை

கல்குவாரியில் சம்மட்டி தூக்கும் தங்கையா, குடித்துவிட்டு வந்த நாட்களில் அதே கையால்தான் பெண்டாட்டி செல்லக்கனியை அடித்தான். அவளுக்கு இடது காது கேட்காமல் போனது அப்படித்தான். கோடையில் ஜெபக்கூட்டத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு குடிக்கவில்லை, கை ஓங்கவில்லை. 'ஏட்டி' என்று கூப்பிட்டவன் 'கனி' என்கிறான். எவ்வளவு நாளைக்கு என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய்ச்சலில் அவள் சுருண்டு கிடந்த சாயங்காலம், அவன் பக்கத்தில் முழங்கால் போட்டுக் கையைத் தூக்கினான். அவள் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள்.

"தலையில கை வச்சு ஜெபம் பண்ணணும்னு உபதேசியார் சொன்னாரு, கனி."

"அவரு வாங்கியிருக்காரா உம்ம கையால? கையப் பின்னால கட்டிக்கிட்டுப் பண்ணும். கர்த்தருக்குக் கேக்கும்."

கட்டிக்கொண்டான். அவன் கண்ணை மூடினான், அவள் மூடவில்லை. அவன் நெற்றியில் ஒரு கொசு உட்கார்ந்து ரத்தம் குடித்து உப்பியது. அதை அடிக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை. இதுவும் நடிப்பாக இருக்கும் என்று அவள் கொசுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழித்தபோது விடிந்திருந்தது. தான் கண்ணை மூடியதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. காய்ச்சல் இறங்கி உடம்பு வேர்த்திருந்தது. நெற்றியில் ஓர் ஈரத்துணி. அவன் சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கினான், கைகள் பின்னாலேயே இருந்தன. செல்லக்கனி துணியை எடுத்துப் பிழிந்து பார்த்தாள். இப்போதுதான் நனைத்ததுபோலத் தண்ணீர் சொட்டியது. அதை மறுபடியும் நெற்றியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடாமல் படுத்திருந்தாள்.