சூடான தகரம்

ஸ்டீவன் கல்லை எடுத்துத் தகரச் சுவரில் மூன்று முறை தட்டினார்.

பதில் உடனே வரவில்லை. காத்திருந்தார். பனி மூக்குக்குள் ஏறியது.

டங். டங். டங்.

அவ்வளவுதான் வேண்டும். கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றின் பின்பக்கம் அது. தகரத்துக்கு அந்தப் பக்கம்தான் உலை. அதனால் ஜனவரிப் பனியிலும் இந்த ஐம்பது தப்படி தூரம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். இது தெருநாய்களுக்குத் தெரியும். அடுத்தபடியாக ஸ்டீவனுக்கு. இருபத்திரண்டு வருஷம் அந்த உலைக்கு முன்னால் நின்றவர் ஆயிற்றே.

போன ஆவணியில் எக்கோ எடுத்துப் பார்த்து, இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறது என்றார்கள். மீதி எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. வேலைக்கு இனி வரவேண்டாம் என்று கம்பெனியிலும் சொல்லிவிட்டார்கள்.

தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. படுத்தே கிடந்தால் காலில் நீர் கோத்துக்கொள்ளும், மறுபடியும் ஆஸ்பத்திரிதான். ஆனால் பனியில் நடக்கக் கூடாது. குளிரில் இதயத்துக்கு வேலை கூடிவிடும். வெயில் வந்தபிறகு நடங்கள் என்றார்.

இந்த மாதத்தில் இங்கே வெயில் எட்டரைக்குத்தான் டூட்டிக்கு வருகிறது. கூடவே லாரிகளும் வந்துவிடுகின்றன. வீட்டுக்குள் நடக்கலாம் என்றால் எட்டு எட்டு வைத்தால் சுவர் இடிக்கிறது. அதனால் விடிகாலையில் இந்தத் தகரத்தோரம்தான் நடை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும்.

யாரிடம் பேசுவது என்று மட்டும் சொல்லவில்லை. மனைவி ஹெலன் ஐந்தரைக்கே கேன்டீன் வேலைக்குப் பஸ் ஏறிவிடுவாள். அவள் திரும்பும்வரை வீட்டில் அவரும் மாத்திரை டப்பாவும்தான்.

உலைச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் உள்ளே இருப்பவர்கள் கம்பியால் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. ஊற்றி முடித்தபின் மூன்று தட்டு என்றால், நான் நன்றாக இருக்கிறேன், நீ? எதிரே இருப்பவன் பதிலுக்கு மூன்று தட்டியே ஆக வேண்டும். ஸ்டீவனும் அன்பும் பதினெட்டு வருஷம் எதிரெதிரே நின்று தட்டியவர்கள். ஒரு சீட்டுப் பண விவகாரத்தில் முகம் கொடுத்துப் பேசாத நாட்களில்கூட அந்த மூன்று தட்டு நின்றதில்லை.

டிசம்பரில் ஒருநாள் சும்மா ஒரு கல்லை எடுத்துத் தகரத்தில் மூன்று தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து மூன்று வந்தது.

ஸ்டீவனுக்கு அழுகையே வந்துவிட்டது. உடம்பு முடியாமல் கிடந்தபோது அன்பு ஒரு நடை வந்து பார்க்கவில்லை என்று மனதில் வைத்திருந்த கோபமெல்லாம் அன்றோடு போயிற்று. அன்றைக்குத்தான் முதல்முறையாக அரை மணி நேரத்தையும் முழுசாக நடந்தார். அதிலிருந்து தினமும் இந்த முனைக்கு வந்து சேரும்போதெல்லாம் தட்டுவார். பதில் வரும். அடுத்த நடைக்குக் கால் தானாக எழும்.

இன்றைக்கு ஆறாவது நடையில், பின்னால் வந்த பைக் ஒன்று பக்கத்தில் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியது அன்பு.

"இன்னாண்ணா, இந்தப் பனில நடந்துகினு கீற?"

ஸ்டீவனுக்குச் சிரிப்பு வந்தது. தகரத்தைக் காட்டி, "இப்பதான் உள்ளேர்ந்து தட்ன, அதுக்குள்ள வெளிய வந்துட்டியா?" என்றார்.

"நான் எங்கண்ணா தட்டுனேன்? தீவாளிக்கு முன்னாடியே உட்டுட்டேன். காட்டுப்பள்ளி ஹார்பர்ல கீறேன் இப்போ. உள்ள நம்மாளு ஒருத்தன் இல்ல, எல்லாம் ஒடிசாக்காரங்க. டைம் ஆச்சு, ஊட்டுக்கு வரேண்ணா."

பைக் பனிக்குள் போய் மறைந்தது.

ஸ்டீவன் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். ஒரு மாதமாக, ஊர் பேர் தெரியாத எவனிடமோ நலம் விசாரித்திருக்கிறார். வெளியே பைத்தியம் ஒன்று தட்டுகிறது, போகட்டும் என்று அவனும் தட்டியிருப்பான். அவமானமாக இருந்தது. கல்லை முள்புதருக்குள் வீசினார்.

நெஞ்சு பிடித்தது. இனி இங்கே வருவதில்லை. கட்டிலைச் சுற்றி நடந்துகொள்ளலாம். நடக்காவிட்டாலும் கேட்க ஆளில்லை.

தகரத்தின் சூடு முடியும் இடத்தைத் தாண்டினார். குளிர் முகத்தில் அறைந்தது. மப்ளரை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

டங். டங். டங்.

நின்றார்.

இத்தனை நாளில் ஆரம்பித்து வைப்பது எப்போதும் அவர்தான். உள்ளேயிருந்து முதலில் வந்ததே இல்லை.

மறுபடியும் மூன்று. இந்த முறை கொஞ்சம் பலமாக.

ஸ்டீவன் திரும்பி வந்தார். புதரோரம் குனிந்து தேடினார், கல் அகப்படவில்லை. குனிந்ததில் மூச்சு வாங்கியது. பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி சட்டைப் பையில் இருந்தது.

ஒரு கையைச் சூடான தகரத்தில் ஊன்றி, மூச்சு அடங்கும்வரை நின்றார். பிறகு சாவியால் மூன்று தட்டினார்.