எழுந்திருக்காத புறா

ஆலமரத்துப் பறவைகள் பொதுப் பொந்து ஒன்றில் தானியம் சேர்த்து வந்தன. காற்றில் கூட்டை இழந்தவர்களுக்கு அது உதவும். நாரால் இறுக்கிக் கட்டிய கூடு என்று மரங்கொத்தி பார்த்துச் சொல்லிவிட்டால், அந்தப் பறவை தன் பங்கில் பாதி தானியம் கொடுத்தால் போதும்.

புறா நாரே கட்டவில்லை. மரங்கொத்தி பார்க்க வந்தபோது, “எழுந்தா முட்டை ஆறிடும் அண்ணே. அடியிலே இறுக்கமாத்தான் கட்டியிருக்கேன்” என்றது.

“சரிம்மா, பாதியே கொடு” என்று மரங்கொத்தி போய்விட்டது.

ஆடிக்காற்று கூட்டைப் புரட்டிப் போட்டது. முட்டைகள் உடைந்து போயின.

மறுநாள் மரங்கொத்தி பொந்திலிருந்து தானியம் கொண்டு வந்து வைத்தது. புறா அதைத் தொடவில்லை.

“நான் ஒரு நார்கூடக் கட்டலை அண்ணே” என்று அழுதது.

மரங்கொத்தி தலையைக் குனிந்துகொண்டது.

“தெரியும்மா. கீழேயிருந்து பார்த்தப்பவே தெரிஞ்சுது. நார் கட்டச் சொல்லி உன்னை எழுப்பத்தான் மனசு வரலை.”