எதிரே நின்ற ஜீப்

சக்குபள்ளம் முக்கில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிய கங்காணி ஏசுரத்தினம், வேலைக்குக் காத்திருந்த பெண்களைப் பார்த்து, "ஏலக்காய் எடுக்கணும், ஏறுங்க ஏறுங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. முன்னால் நின்ற இருதயம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"நாள் கூலி என்ன அண்ணே?"

"போன வருசம் குடுத்த அஞ்சு ரூவாதான்."

"அட்டை மட்டும் இந்த வருசமும் புதுசா வந்து கடிக்குதே! ஏழு ரூவா குடுங்க."

"ஏழா! மொதலாளி என்னைய வெரட்டியே விட்டுருவாரு."

எதிர்ப்பக்கம் நின்ற புத்தம்புது ஜீப்பிலிருந்து ஹாரன் கேட்டது. இருதயம்மாள் திரும்பி, "செத்த இருய்யா, பேசிக்கிட்டிருக்கோம்ல" என்று கத்தினாள்.

ஏசுரத்தினம் அந்த ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். தோட்டத்தில் காய் பழுத்து நிற்கிறது. இந்தக் கூட்டத்தை வேறு எஸ்டேட்காரன் ஏற்றிக்கொண்டு போய்விட்டால்?

"சரி, ஆறு."

மறுபடியும் ஹாரன். இருதயம்மாள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சரி தாயி, ஏழு! ஏறித் தொலைங்க!"

பாதிப் பேர் ஏறியதுமே ஜீப் நிறைந்துவிட்டது. மீதிப் பேர் நிதானமாக நடந்து போய்ப் புது ஜீப்பில் ஏறினார்கள்.

"ஏய், அங்க எங்க போறீங்க? அதான் ஏழு ரூவா பேசியாச்சுல்ல!"

"நம்ம தோட்டத்துக்குத்தான் அண்ணே. ஒரு ஜீப்பு பத்தாதுன்னு மொதலாளி நேத்துதான் இதை வாங்கினாராம். ஓட்டுறது எம் மருமகன்" என்றாள் இருதயம்மாள். "அதை உங்ககிட்ட சொல்லத்தான், பாவம், அவன் அப்பயிருந்து ஹாரன் அடிச்சிக்கிட்டிருந்தான்."