எதிர்த்து விழுந்த ஓட்டு

‘மன்றம்’ என்ற சமூக வலைத்தளத்துக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. ஒரு படத்தை நீக்குவதென்றாலும் எல்லோரும் ஓட்டுப் போட்டுத்தான் நீக்க வேண்டும்.

விபத்தில் இறந்து நடுரோட்டில் கிடந்த மகன் செழியனின் படத்தை நீக்கச் சொல்லி மங்களேஸ்வரி மனுப் போட்டாள். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல அடுக்குமாடியில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தட்டும் குங்குமமும்தான் இல்லை. எல்லோரும் போடுவதாகச் சொன்னார்கள்.

மனு தள்ளுபடியானது. அடுக்குமாடியின் ஓட்டு மொத்தமும் எதிர்த்து விழுந்திருந்தது.

எதிர்வீட்டு ஜெசிந்தாவின் கதவைத் தட்டினாள். “என் பிள்ளைன்னு தெரிஞ்சுமா எதிர்த்துப் போட்ட?”

ஜெசிந்தா பதறிப்போனாள். “ஐயோ அக்கா, நான் ஆதரவுன்னுதான் அமுக்கினேன். அது செல்லாதாம். போன வருஷமே என் ஓட்டை எனக்குப் பதிலாப் போடச் சொல்லி ஒரு பிரதிநிதிக்கு எழுதிக் குடுத்துட்டேன். தினம் நூறு ஓட்டு வருது, யாருக்கா உக்காந்து போடுறது? நம்ம பிளாக்கே அந்த ஒருத்தர்கிட்டதான் குடுத்திருக்கு. அவர் எதையும் அழிக்க விடமாட்டாராம்.”

மங்களேஸ்வரி வீட்டுக்குத் திரும்பினாள். கணவர் தணிகாசலம் போனிலிருந்து தலை நிமிரவில்லை.

“அந்தாளு கையில யார் யாரோட ஓட்டு இருக்குன்னு பாருங்க.”

“பாத்துட்டேன். உன்னோடதும் இருக்கு, மங்களா.”

அவளுக்கு நினைவு வந்தது. ஒருநாள் சமைக்கும்போது ஓட்டுக் கேட்டுப் போன் ஓயாமல் அடித்தது. செழியன்தான் அதை வாங்கி எதையோ அமுக்கிக் கொடுத்தான்.

“இனிமே உன்னைத் தொல்லை பண்ணாதும்மா” என்றான்.