பீரோவுக்குள் ஒளிந்தவன்

"கதவைச் சாத்திட்டுப் போயிட்டீங்கன்னு நம்பித்தாண்ணே பீரோவுக்குள்ள இருந்து வெளிய வந்தேன். வாசல்லயே நிக்கிறீங்க."

சிவக்குமார் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். கோரிப்பாளையத்து விளையாட்டு மையத்தின் கணினித் திரையில், அவன் இயக்கிய உருவம் கோடரிக்கு இரையாகிக் கிடந்தது. அவ்வுருவத்தை வெட்டிய கொலைகாரனை இயக்கியவர், பக்கத்து நாற்காலியில் அமர்ந்து உளுந்த வடையை நிதானமாக மென்றுகொண்டிருந்தார். அவர் பெயர் மலைச்சாமி. அம்மையத்திற்கு வரத் தொடங்கி மூன்று நாள்களே ஆகியிருந்தன.

அந்தப் பேய் பங்களா விளையாட்டில் நால்வர் ஒளிவர்; கொலைகாரன் ஒருவன் தேடுவான். ஒளிவதில் சிவக்குமாருக்கு நிகர் அங்கு எவரும் இலர். ஆயினும், ஞாயிற்றுக்கிழமை நடைபெறவிருந்த போட்டியின் இறுதிச் சுற்றில் கொலைகாரனாகவும் ஆட வேண்டும். அதுதான் அவனுக்குக் கைவரவில்லை.

"இதுல ஜெயிச்சாத்தாண்ணே நான் வீட்டுக்குப் போக முடியும்," என்றான். "'அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழு'ன்னு எம் பொண்டாட்டி சொல்லிட்டா. ஜெயிச்சுட்டுத்தான் வருவேன்னு கிளம்புனவன், ஏழு மாசமாச்சு. இப்பப் போனா வாசல்ல கூட நிக்க விடமாட்டா."

"ஒரு போனப் போட்டுப் பேச வேண்டியதுதான, மாப்ள?"

"நம்பரையே மாத்திட்டேண்ணே. பேசுனா மனசு இளகிரும்."

மலைச்சாமி எண்ணெய்க் கையைத் தாளில் துடைத்துக்கொண்டார்.

"சரி, கேட்டுக்க. கொலைகாரனா வந்தா நீ ஓடுற. காலடிச் சத்தம் கேட்டதும் அம்புட்டுப் பேரும் பதுங்கிருவாய்ங்க. நடக்கணும்."

"நடந்தா நேரமாகுமே?"

"ஆகட்டும். ஒளிஞ்சிருக்கவனுக்குத்தான் அவசரம். உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலும் பாயாத. திரும்பிப் போற மாதிரி போ. ரெண்டே நிமிசம், அவனே எட்டிப் பார்ப்பான்."

"பாக்கலைன்னா?"

"வழக்கமா எங்க போவான்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சு, முன்னாடியே போய் அங்க உக்காந்துரணும்."

"விளையாட்டுல யாருகிட்டண்ணே விசாரிக்கிறது?"

மலைச்சாமி சற்றே சிந்தித்தார்.

"ஆமா. விளையாட்டுல அது முடியாது," என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆட்டத்தில் சிவக்குமார் கொலைகாரனாக இறங்கினான். ஓடவில்லை, நடந்தான். கதவுகளைச் சாத்திவிட்டுக் காத்திருந்தான். பன்னிரண்டு நிமிடங்களில் நால்வரையும் வெட்டிச் சாய்த்தான்.

"தெய்வம்ணே நீங்க. எத்தன வருசமா விளையாடுறீங்க?"

"விளையாட்டு மூணு நாளாத்தான்," என்றார் மலைச்சாமி. "இங்க எல்லாரும் உன்ன 'நிழல்'னுதான கூப்பிடுறாய்ங்க? போட்டிக்கு என்ன பேரு குடுத்திருக்க?"

"அது செல்லாதாம்ணே. ஆதார்ல இருக்கிறதக் கேட்டாய்ங்க. சிவக்குமார், தகப்பனார் பேயாண்டின்னு எழுதிக் குடுத்துட்டேன்."

மலைச்சாமி எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு தம் பையிலிருந்து மடித்த தாள்களையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

"நான் கோர்ட்டு அமீனாங்க. தல்லாகுளத்துல நீங்க தங்கியிருக்க ரூமுக்கு நாலு தடவ வந்தேன். நாலு தடவயும் பின்வாசல் வழியாப் போயிட்டீங்க. உங்க வீட்டம்மா போட்ட கேசுல சம்மன் வந்திருக்கு. வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்துப் போடுங்க."

சிவக்குமாரின் முகம் வெளிறியது.

"விவாகரத்தாண்ணே?"

"படிச்சுப் பாருங்க."

அவன் மனுவைப் பிரித்தான். மனுதாரர் ரோகிணி என்றும், எதிர்மனுதாரராகிய கணவர் உடனே வீடு திரும்பித் தம்முடன் சேர்ந்து வாழ நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்றும் அதில் அச்சிடப்பட்டிருந்தது.