தலைசுற்றல்

பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டிகளுக்குக் கோதைநாயகியும் பிலோமினாவும் ஊர் ஊராகச் சேர்ந்தே போவார்கள். ஆட்டத்திலும் அவர்கள்தான் ஜோடி. இந்தூர் அரையிறுதியில் பிலோமினா கையிலிருந்த சீட்டுகளையே வெறித்துக்கொண்டிருந்தாள். எது துருப்பு என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. வரும்போது ரயிலிலும் இப்படித்தான், எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை மறந்திருந்தாள். ஜோடியிடம் பேசக் கூடாது என்பது விதி. கோதைக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதிரணிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததும், கோதை தன் சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள்.

“எனக்குத் தலை சுத்துது. இனிமே ஆட முடியாது.”

ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. வெளியே அவளை நாற்காலியில் உட்காரவைத்து பிலோமினா கடிந்துகொண்டாள். “காலையிலேயே சொல்லக் கூடாதாடி? இரு, தண்ணி கொண்டுவரேன்.”

கதவுவரை போனவள் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“கோதை, நான் எதுக்குடி இங்க வந்தேன்?”

“என்கூட வந்தே” என்று கோதை ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.