பாலத்து ஏற்றம்

மனைவி அமலியை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போன செலஸ்டினின் மூன்று சக்கரப் பேட்டரி சைக்கிள், பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினான், புதியதும் பட்டென்று எரிந்தது. மோட்டாருக்குப் போகும் ஒயர் தோலுரிந்து இரும்பில் உரசுவதைக் கண்டுபிடித்து டேப் சுற்றினான். மிச்சமிருந்த ஒரே ஃபியூஸை மாட்டினான். விளக்கு எரிந்தது. மோட்டார் அசையவில்லை. போலியோவில் சூம்பிய அவன் காலுக்கு மிதிக்கவும் தள்ளவும் வலுவில்லை. கைகாட்டியும் ஆட்டோ எதுவும் நிற்கவில்லை.

“நீங்க ஏறி உக்காருங்க” என்றாள் அமலி. “மேல வரைக்கும் தள்ளிட்டா இறக்கத்துல தானா ஓடும்ல?”

“உன்னால நிக்கவே முடியலயே.”

“ஹேண்டிலப் பிடிங்க.”

வீங்கிய கால்களோடு தள்ளினாள். அவள் மூச்சிரைப்பது முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பாதி ஏற்றத்தில் சைக்கிள் மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிக்கொண்டு, “அமலி” என்று கூப்பிட்டான்.